பாதி மரத்துக்கு வளைகாப்பு

1

இந்தக் கதை கதையாகப் பிறக்கவில்லை. ஒரு வேளாண் இதழுக்கு நான் எழுதித் தருவதாக ஒப்புக்கொண்ட கட்டுரையாகப் பிறந்தது. தலைப்பையும் அவர்களே கொடுத்திருந்தார்கள்: ‘சாத்துக்குடி மரங்களில் காய்ச் சுமையும் சத்துச் சேமிப்பும்.’ பசுமலையில் மாடி வீட்டில் குடியிருந்துகொண்டு ஒரு துளசிச் செடியைக்கூட உருப்படியாக வளர்க்கத் தெரியாத என்னிடம் அந்தத் தலைப்பு ஏன் வந்தது என்று கேட்காதீர்கள். எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று நம்புகிற ஆசிரியர்கள் இன்னும் இருக்கிறார்கள். நன்றாக இருக்கட்டும்.

தகவல் திரட்ட அலங்காநல்லூருக்குப் போனேன். போன இடத்தில் மலையாண்டி என்பவரிடம் மாட்டிக்கொண்டேன். கட்டுரையை எழுதி அனுப்பியதும் ஆசிரியரிடமிருந்து பதில் வந்தது. “கட்டுரையின் நடுவில் ஒருவர் மரத்துக்கு வளைகாப்பு நடத்துகிறார். இது எங்கள் வாசகர்களுக்குப் பயன்படாது.”

எனக்கு அது ஒன்றுதான் பயன்படும் என்று தோன்றியது. ஆகவே கட்டுரையைத் தூரப் போட்டுவிட்டு வளைகாப்பை வைத்துக்கொண்டேன்.

2

முதல் தொடக்கம்: ‘அலங்காநல்லூருக்கு மேற்கே, மலைகளுக்குப் பின்னால் சூரியன் மெல்ல மெல்ல—’

(மேலே ஓடவில்லை. நான் பஸ்ஸை விட்டு இறங்கியபோது சூரியன் என் உச்சந்தலையில் உட்கார்ந்திருந்தது. மெல்லவும் இல்லை, மலைக்குப் பின்னாலும் இல்லை.)

இரண்டாம் தொடக்கம்: ‘சாத்துக்குடி மரம் தன் இலைகளில் உண்டாக்கும் மாவுச்சத்தில் ஒரு பங்கை வேரிலும் தண்டிலும் சேர்த்து வைக்கிறது. காய்ப்பு மிகுந்த ஆண்டில் இந்தச் சேமிப்பு முழுவதையும் காய்களே—’

(இது கட்டுரையின் மிச்சம். கொட்டாவி வருகிறது. ஆனால் உண்மை என்பதால் அடிக்காமல் விடுகிறேன்.)

மூன்றாம் தொடக்கம்: ‘மலையாண்டியும் அவர் தம்பி அழகுபாண்டியும் பேசிக்கொள்வதில்லை.’

இது தேவலை. இப்படியே போவோம்.

3

மலையாண்டியும் அவர் தம்பி அழகுபாண்டியும் பேசிக்கொள்வதில்லை. பெரிய பகை எதுவும் இல்லை. காரணம் ஒரு பீரோ.

இருவரும் சேர்ந்து வளர்த்த காளை ஒரு பொங்கலுக்கு வாடிவாசலில் யார் கைக்கும் சிக்காமல் ஓடிவிட, பரிசாக பீரோ கிடைத்தது. மினி லாரியில் வந்த பீரோ இரண்டு வீட்டுக்கும் நடுவில் நின்றது.

“உன் வீட்டுல எறக்குடா அழகு” என்றார் அண்ணன்.

“நீ மூத்தவன். உன் வீட்டுல எறக்குண்ணே” என்றார் தம்பி.

இந்த விட்டுக்கொடுப்பு கொஞ்ச நேரம் பார்க்க அழகாகத்தான் இருந்தது. தெருவே மெச்சியது. பிறகு அண்ணன், “ஏன், என் மாட்டுப் பீரோ உன் வீட்டுக்கு ஆகாதாக்கும்?” என்றார். தம்பி, “உன் மாடா?” என்றார். லாரிக்காரர் வண்டியை அணைத்துவிட்டு வெற்றிலை மடிக்க ஆரம்பித்தார். அன்றோடு பேச்சு நின்றது. பீரோ கே.கே. நகரில் இருக்கும் அவர்கள் தங்கை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. பட்டுப்புடவை வைக்க வசதியாக இருப்பதாகக் கேள்வி.

(இந்தப் பகுதியை போனில் மலையாண்டிக்குப் படித்துக் காட்டினேன். “எல்லாம் சரி. ஆனா மொதல்ல மொறச்சது அவன்தான். அதைப் போடுங்க” என்றார். போட்டுவிட்டேன்.)

பேச்சு நின்றதே தவிரத் தகவல் நிற்கவில்லை. அண்ணனுக்குச் சொல்ல வேண்டியதைத் தம்பி வாழை மரத்திடம் சொல்வார். தம்பிக்குச் சொல்ல வேண்டியதை அண்ணன் வேலிக் கம்பியிடம் சொல்வார். இடையில் நிற்பது மலையாண்டியின் மனைவி முத்துமீனா என்றால் அவர் வழியாகப் போகும். முத்துமீனாவுக்கு இந்த உத்தியோகத்தில் விருப்பம் இல்லை.

மலையாண்டிக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறார். ஊருக்கு மேற்கே ரோட்டை ஒட்டி ஒரு சின்னச் சாத்துக்குடித் தோப்பு. வேலிக்கு அந்தப் பக்கம் தம்பியின் வாழைத் தோட்டம். வேலியோரம் நிற்கிற கடைசிச் சாத்துக்குடி மரம்தான் நம் கதையின் நாயகி.

போன வருஷத்துக்கு முந்தைய வருஷம் வரை அந்த மரத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் கிடையாது. காய்த்தது, பறித்தார்கள். போன வருஷம் மாசியில் திடீரென்று அதற்கு என்னவோ ஆகிவிட்டது. இலை தெரியாமல் பூத்தது. சித்திரையில் பிஞ்சுகள் கோலிக்குண்டு பருமனுக்கு வந்தபோது, கொத்துக்கொத்தாகத் தொங்கிய பாரத்தில் கிளைகள் வளைந்து, பாதி மரம் இந்தப் பக்கம் கவைக்கம்புகளின் மேல் சாய்ந்தது. மீதிப் பாதி வேலியைத் தாண்டி வாழைகளின் தோளில் கைபோட்டுக்கொண்டு நின்றது.

பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சோழவந்தான் பக்கத்திலிருந்து ஒருவர் வந்து வீடியோ எடுத்துப் போட்டார். அதைப் பார்த்துவிட்டு மற்றவர்கள் வந்தார்கள். மரத்தோடு செல்பி எடுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம். அதுவரை ஊரில் மலையாண்டியை ‘மோட்டார்க்காரர்’ என்பார்கள். மோட்டார் ஓடாதபோது மட்டும் நினைவுக்கு வருகிற மனிதர். இப்போது முன்பின் தெரியாதவர்கள், “சாத்துக்குடிக்காரர் நீங்கதானா?” என்று கேட்டுக் கைகொடுத்தார்கள். அவர் கடையைச் சீக்கிரம் பூட்டிவிட்டு, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு மரத்தடிக்கு வந்து நிற்கத் தொடங்கினார். மரம் காய்த்ததில் தன் பங்கு என்ன என்று யாரும் கேட்காததால் அவரும் சொல்லவில்லை.

4

இப்போது தமிழ்வாணி வர வேண்டும். தோட்டக்கலைத் துறையில் உதவி அலுவலர். முப்பது வயது இருக்கும். ஸ்கூட்டரில் வருவார்.

இவரை எப்படி எழுதுவது என்பதில் எனக்குத் தயக்கம். எல்லாம் தெரிந்த அதிகாரியாக எழுதினால் நீங்கள் அவரை வெறுப்பீர்கள். முதல் வரைவில் அப்படித்தான் எழுதினேன், எனக்கே பிடிக்கவில்லை. ஆகவே இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: அவர் வீட்டுத் தொட்டியில் வைத்திருக்கும் எலுமிச்சை இதுவரை ஒரு காய்கூடக் காய்த்ததில்லை. நான் கேட்காமல் அவராகவே சொன்னார். சொல்லிவிட்டு, “இதை எழுத மாட்டீங்கல்ல?” என்றார்.

அவர் வந்து மரத்தைச் சுற்றிப் பார்த்தார். மலையாண்டி, படம் எடுக்கத்தான் போகிறார் என்று நினைத்து மீசையைத் தடவிக்கொண்டார்.

“பாதிக் காயை இப்பவே கிள்ளிருங்கண்ணே” என்றார் தமிழ்வாணி.

“எதுக்கு மேடம்?”

“மரம் தாங்காது.”

“அதான் முட்டுக் குடுத்திருக்கேன்ல.”

“வெளிய இருக்குற பாரத்தைச் சொல்லலண்ணே. வேர்லயும் தண்டுலயும் அது மாவுச்சத்து சேத்து வச்சிருக்கும். இம்புட்டுக் காய் இருந்தா அதைப் பூராம் காயே இழுத்துக்கிரும். எலையில இருக்குற தழைச்சத்து, சாம்பல்சத்தும் கூடவே போயிரும். அடுத்த மாசியில பூக்கணும்னா மரத்துகிட்ட ஒண்ணும் இருக்காது. ரொம்ப முத்திப்போனா மரமே காஞ்சுரும்.”

“ஒரத்தைக் கூடப் போட்டா?”

“போடணும்தான். ஆனா வேரே பட்டினியாக் கெடந்தா, போட்ட ஒரத்தை எதை வச்சு எடுக்கும்?”

மலையாண்டி மரத்தை அண்ணாந்து பார்த்தார். காலையில்தான் ஒரு குடும்பம் அதன் முன்னால் வரிசையாக நின்று படம் எடுத்துவிட்டுப் போயிருந்தது. கண்ணுக்கு முன்னால் தொங்குகிற காயைக் கிள்ளிப் போட்டுவிட்டு, கண்ணுக்குத் தெரியாத வேருக்குச் சேமிப்பதா? யாராவது கேட்டால் என்ன சொல்வது?

“என் மரம் அப்படி இல்ல மேடம்” என்றார், தன் பிள்ளையைப் பற்றி வாத்தியாரிடம் சொல்கிற குரலில்.

வேலிக்கு அந்தப் பக்கம் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த அழகுபாண்டி மோட்டாரை நிறுத்திவிட்டு இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

5

மறுநாள் காலை மலையாண்டியும் முத்துமீனாவும் தோப்புக்கு வந்தபோது, வேலிக்கு அந்தப் பக்கம் சொத்துச் சொத்தென்று ஏதோ விழும் சத்தம் கேட்டது. அழகுபாண்டி ஒரு கொத்துக்கு ஒரு காயை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் கிள்ளிக் கீழே போட்டுக்கொண்டிருந்தார்.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அவருக்கு வேரின் மேல் அக்கறை கிடையாது. அண்ணன் செய்ய மாட்டேன் என்று சொன்ன ஒரு காரியம் கைக்கு எட்டும் தூரத்தில் தொங்கியது, அவ்வளவுதான். ஒவ்வொரு பிஞ்சையும் கிள்ளும்போது அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியை முத்துமீனா இன்றைக்கும் நடித்துக் காட்டுகிறார்.

“முத்துமீனா, யாரைக் கேட்டு எம் மரத்துல கைய வச்சான்னு கேளு” என்றார் மலையாண்டி.

“மதினி, மரம் அவுகளுதுதான். நான் இல்லங்கல. ஆனா இந்தக் கெளை எங்க ஆகாயத்துல நிக்கிது.”

“ஆகாயத்துக்குப் பட்டா வாங்கியிருக்கானான்னு கேளு.”

“வாங்கலன்னு சொல்லுங்க மதினி. அவுகளும் வாங்கல.”

முத்துமீனா உருவிக்கொண்டிருந்த முருங்கைக்கீரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே இருக்கு?” என்றார்.

மலையாண்டி வேலிக்கடியில் உருண்டு வந்த பிஞ்சுகளை எல்லாம் துண்டில் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுபோனார். முத்துமீனா அவற்றை உப்பில் போட்டுப் பார்த்தார். ஒரே கசப்பு. கசப்புக்குக் குடும்பத்தில் வேறு ஏற்பாடுகள் இருந்ததால் கொட்டிவிட்டார்.

6

தம்பி கிள்ளியதற்குப் பதில் என்ன? மலையாண்டி ஆனி முழுக்க யோசித்தார். ஆடி முடிந்து ஆவணி பிறந்ததும் அறிவித்தார்: மரத்துக்கு வளைகாப்பு.

(இந்த இடத்தில்தான் வேளாண் இதழ் என்னைக் கைவிட்டது.)

வேலிக்கு இந்தப் பக்கம் இருக்கிற பாதிக்கு மட்டும். அந்தப் பக்கத்துப் பாதியை அவர் சேர்க்கவில்லை. பந்தல் போட்டார். தண்டில் பட்டுச்சேலை சுற்றினார். கிளை நுனிகளில் போட மதுரைக்குப் போய்ப் பை நிறையக் கண்ணாடி வளையல் வாங்கி வந்தார்.

“எனக்கு வளைகாப்பு நடந்த அன்னைக்கு வாடிப்பட்டியில மோட்டார் இறக்கப் போனவரு இவரு” என்றார் முத்துமீனா, பந்தல்காரரிடம். ஆனாலும் சாதம் கிளறினார். செய்வது என்று வந்துவிட்டால் அவருக்கு அரைகுறையாகச் செய்யத் தெரியாது.

சாதத்தில் ஒரு சிக்கல் வந்தது. புளிச்சோறு, தேங்காய்ச்சோறு, தயிர்ச்சோறு சரி. எலுமிச்சைச் சோறு வைக்கலாமா? வைக்கக் கூடாது என்றார் சமையலுக்கு ஒத்தாசைக்கு வந்த முனியாயி. “எலுமிச்சை அதுக்குச் சொந்தக்கார முறை. அது கண்ணு முன்னாலயே பிழிஞ்சா நல்லாவா இருக்கும்?” இதைக் கேட்டு யாரும் சிரிக்கவில்லை. அரைமணி நேரம் பேசி, எலுமிச்சைச் சோற்றை விட்டுவிட்டு கொத்தமல்லிச் சோறு வைத்தார்கள்.

தமிழ்வாணிக்கும் அழைப்பு போயிருந்தது. வந்தார். ஒவ்வொரு கிளைக்கும் வளையல் ஏற ஏற அவர் முகம் சுருங்கியது. “அண்ணே, இதுவும் பாரம்தான்” என்றார் ஒரே ஒரு தடவை. பிறகு அவர் கையிலும் ஒரு வளையலைக் கொடுத்துவிட்டார்கள். போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அழைப்பில்லாத அழகுபாண்டி வேலிக்கு அந்தப் பக்கம் கைகட்டி நின்று முழுச் சடங்கையும் பார்த்தார். ஆரத்தி எடுத்து முடித்ததும் பக்கத்து வாழையிடம் சொன்னார்:

“வளைகாப்பு முடிஞ்சா பொறந்த வீட்டுக்கு அனுப்பணும்ல? அதான் அது எங்க பக்கம் சாஞ்சிருக்கு.”

பந்தியில் இருந்தவர்கள் புரையேறச் சிரித்தார்கள். மலையாண்டிக்கும் சிரிப்பு வந்ததாம். கஷ்டப்பட்டு அடக்கிக்கொண்டு, வேலிக் கம்பியை முறைத்தாராம்.*

* இதை அவர் என்னிடம் சொன்னது மூன்றாவது சந்திப்பில். முதல் இரண்டு சந்திப்புகளிலும் ‘கோவம் வந்துச்சு’ என்றுதான் சொன்னார். எதை எழுதுவது என்று தெரியாமல் இரண்டையும் எழுதினேன். அவர் கோபத்தை அடித்துவிடச் சொன்னார்.

7

ஐப்பசிக் கடைசியில் பறித்தார்கள். மலையாண்டியின் பாதியில் கூடை கூடையாகக் காய். ஆனால் எல்லாம் கொஞ்சம் வளர்ந்த எலுமிச்சை அளவுக்குத்தான் இருந்தன. அந்தப் பக்கத்தில் கொஞ்சமாகத்தான் காய். ஒவ்வொன்றும் இரண்டு கையால் பிடிக்கிற மாதிரி இருந்தது.

“சின்னப் பழத்துலதான் ருசி” என்று மலையாண்டி கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொன்னார்.

கார்த்திகையில் தமிழ்வாணி ஒரு சின்னக் குப்பியோடு வந்தார். உள்ளே பழுப்பு நிறத்தில் ஏதோ மருந்து. அயோடின் என்றார். “ஒரே மரம், ரெண்டு பக்கம் ரெண்டு மாதிரி. இப்படி ஒரு வாய்ப்பு எனக்குக் கெடைக்காதுண்ணே. வேரைப் பாத்துருவோம். மாவுச்சத்து இருந்தா இது பட்டதும் கருநீலமா மாறும். இல்லாட்டி மாறாது.”

வேலிக்கு இரண்டு பக்கமும் தோண்டினார்கள். அண்ணன் கிழக்கே பார்த்தும் தம்பி மேற்கே பார்த்தும் நின்றார்கள். இரண்டு பக்கத்திலும் பென்சில் தடிமனில் ஒவ்வொரு வேர்த் துண்டை வெட்டிக் கழுவி, தமிழ்வாணி ஒரு தட்டில் வைத்தார். முதலில் அழகுபாண்டி பக்கத்து வேரில் ஒரு சொட்டு. பேனா மை கொட்டிய மாதிரி வேர் கறுத்தது.

அடுத்து மலையாண்டி பக்கத்து வேரில் ஒரு சொட்டு. எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். சொட்டு விழுந்த இடம் டீ சிந்திய மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் கழித்தும் டீ சிந்திய மாதிரியே இருந்தது.

“இன்னொரு சொட்டு விடுங்க மேடம்.”

விட்டார்.

“வேற வேரு வெட்டுங்க.”

வெட்டினார். அதுவும் டீ.

“மருந்து பழசா இருக்குமோ?”

தமிழ்வாணி சுற்றிலும் பார்த்தார். மலையாண்டியின் சாப்பாட்டுத் தூக்கு மரத்தடியில் இருந்தது. “இதுல ஒரு பருக்கை எடுத்துக்கிறேன்ணே” என்று கேட்டு எடுத்து, அதில் ஒரு சொட்டு விட்டார். வெள்ளைச் சோறு கருநீலமாக மாறியது.

மலையாண்டி அந்தப் பருக்கையையும் தன் பக்கத்து வேரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு பருக்கைச் சோற்றில் இருக்கிறது. இவ்வளவு பெரிய மரத்தின் வேரில் இல்லை. அவர் அன்றைக்குத் தூக்கை மறுபடி திறக்கவில்லை.

அழகுபாண்டி தன் பக்கத்து வேர் கறுத்ததற்கு ஏதாவது சொல்வார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவர் வாழையிடம்கூட ஒன்றும் சொல்லாமல் தண்ணீர் பாய்ச்சப் போய்விட்டார்.

எல்லாரும் போன பிறகு மலையாண்டி கிளைகளில் மாட்டியிருந்த வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். சிலது மழையில் நிறம் போயிருந்தது. கூட்டம் பார்க்க, சேலை கட்டி, வளையல் போட்டு, உள்ளே ஒன்றும் இல்லாமல் அது நின்றிருக்கிறது. தான் பக்கத்தில் தேய்த்த சட்டையோடு நின்றதை நினைத்தபோது அவருக்குக் காது சுட்டது.

(இந்த இடத்தைப் படித்த என் நண்பர், “மரம் என்பது குடும்பத்தின் குறியீடு, இல்லையா?” என்றார். இல்லை. அது சாத்துக்குடி மரம். அதற்கு இருக்கிற வேலையே போதும்.)

8

மாசி வந்தது. தம்பி பக்கத்துப் பாதி வெள்ளையாகப் பூத்தது. அண்ணன் பக்கத்துப் பாதியில் இலை மட்டும். நடுவில் கோடு கிழித்துப் பிரித்த மாதிரி. பஸ்ஸில் போகிறவர்கள் மறுபடி எட்டிப் பார்த்தார்கள். இந்தத் தடவை கையைக் காட்டிச் சிரித்தார்கள்.

அந்த நேரம் பார்த்து வீடியோக்காரர் போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை வருகிறாராம். ‘ஒரு வருஷம் கழித்து’ என்று அதே மரத்தை எடுக்கப் போகிறாராம்.

மலையாண்டி சனிக்கிழமை விடியற்காலை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போனார். சாத்துக்குடிப் பூ வெள்ளை. மல்லிகைப் பூ வெள்ளை. தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு என்ன தெரியப் போகிறது? மல்லி வரத்து அன்றைக்குக் குறைவு. பாதிக்கு மல்லியும் பாதிக்கு மல்லி மாதிரியே இருக்கும் காக்கரட்டானும் வாங்கிக்கொண்டார். பை நிறையப் பூவோடு வந்தவரைப் பார்த்து முத்துமீனா கேட்டார், “எதுக்கு?”

“கோயிலுக்கு.”

எந்தக் கோயிலுக்கு இவ்வளவு பூ என்று முத்துமீனா கேட்கவில்லை. ஏணியை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போகிறவரிடம் என்ன கேட்பது?

(இங்கே இரண்டு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டேன். ஏணியில் நின்றபடி அவர் வாழ்க்கையை அசைபோடுவதாக எழுதியிருந்தேன். “நான் ஒண்ணும் அசைபோடல, நார் பத்துமான்னுதான் யோசிச்சேன்” என்றார்.)

சின்னச் சின்னக் கொத்தாகப் பூவைச் சேர்த்து, வாழைநாரால் கிளையில் கட்டிக்கொண்டே வந்தார். முக்கால்வாசி முடிந்தபோது நார் தீர்ந்துவிட்டது. கையெட்டும் தூரத்தில், வேலிக்கு அந்தப் பக்கம், ஒரு தோட்டம் முழுக்க நார்.

“சாத்துக்குடியில மல்லி பூத்திருக்கு” என்றது வாழைகளுக்கு நடுவிலிருந்து ஒரு குரல்.

மலையாண்டி திடுக்கிட்டுத் திரும்பினார். ஏணியின் ஒரு கால் ஈர மண்ணில் புதைந்தது. ஏணி சாய்ந்தது. அவர் இரண்டு கையாலும் கிளையைப் பிடித்துக்கொண்டு தொங்கினார். அந்தக் கிளையில் கட்டிய பூவெல்லாம் அவர் தலைமேல் கொட்டியது. வேட்டி ஒரு முடிவெடுக்கத் தயாராக இருந்தது.

அழகுபாண்டி வேலியை மிதித்துத் தாண்டி ஓடிவந்தார். ஏணியை நிமிர்த்தித் தோளால் முட்டுக்கொடுத்தார்.

“கெளையை விடுண்ணே. ஏணியில காலை வை.”

“விட்டா விழுந்துருவேன்டா.”

“நான்தான் பிடிச்சிருக்கேன்ல.”

மலையாண்டி ஒரு காலை வைத்தார். பிறகு இன்னொரு காலை. பெருமூச்சு விட்டார். நடுவில் வாழையும் இல்லை, வேலிக்கம்பியும் இல்லை, முத்துமீனாவும் இல்லை என்பது இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. மலையாண்டி, தம்பி இப்போது சிரிப்பான் என்று காத்திருந்தார். இந்த வருஷம் அதற்கு அவனுக்கு எல்லா உரிமையும் இருந்தது.

அழகுபாண்டி தலையை அண்ணாந்து மரத்தைப் பார்த்தார்.

“ரோட்டுப் பக்கம் பத்தாது” என்றார். “பஸ்ல போறவனுக்குத் தெரியாது. உச்சியில ரெண்டு கொத்துக் கட்டணும்.”

“நார் தீந்துபோச்சு.”

“இரு, கிழிச்சுட்டு வாரேன்.”

போனார். ஒரு கை நார் கிழித்துக்கொண்டு வந்தார். அண்ணன் கட்ட, தம்பி ஏணியைப் பிடித்தார். பிறகு தம்பி கட்ட, அண்ணன் பிடித்தார். மத்தியானச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு வந்த முத்துமீனா வரப்பில் நின்று பார்த்துவிட்டு, திரும்பிப் போய் இன்னொரு தட்டு எடுத்து வந்தார்.

9

ஞாயிற்றுக்கிழமைக்குள் மல்லி வாடிப் பழுத்துவிட்டது. அதை இருவரும் யோசிக்கவே இல்லை. மதுரைக்காரர்களுக்கு இது தெரியாமல் போனது எப்படி என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். “பேச்சு மும்முரத்துல மறந்துட்டோம்” என்றார்கள்.

வீடியோக்காரர் வந்து பார்த்தபோது தம்பி பக்கம் தேனீ மொய்த்தது. அண்ணன் பக்கம் பழுப்புச் சருகு நாரில் ஆடியது. வீடியோக்காரர் கேமராவைப் பிடித்தபடி, “இது என்னண்ணே நோயா?” என்றார்.

மலையாண்டி சட்டையைச் சரிசெய்துகொண்டார். “இங்கிட்டு நான் பட்டினி போட்ட பக்கம். அங்கிட்டு எந்தம்பி காப்பாத்துன பக்கம்” என்றார். “காயைக் கிள்ளணும்னு மேடம் சொன்னாங்க. நான் கேக்கல.”

“நானும் நல்லெண்ணத்துல கிள்ளல” என்றார் அழகுபாண்டி, அவசரமாக.

அந்த வீடியோவை அதிகம் பேர் பார்க்கவில்லை.

10

இப்போது சித்திரை. முடிவு எழுத வேண்டும். கையில் மூன்று இருக்கின்றன.

அ) மரம் காய்ந்துவிடுகிறது. அண்ணனும் தம்பியும் அதன் கீழே நின்று கட்டிப்பிடித்து— (இல்லை. மரம் நன்றாகத்தான் இருக்கிறது. மலையாண்டி பக்கம் தொழுவுரம் வைத்துத் தண்ணீர் பாய்ச்சியதில் புதுத் துளிர் விட்டிருக்கிறது. என் கதை சிறப்பதற்காக அதைச் சாகடிக்க முடியாது.)

ஆ) இருவரும் சேர்ந்து பிஞ்சுகளைப் பாதியாகக் கிள்ளுகிறார்கள். அடுத்த வருஷம் இரண்டு பக்கமும் அளவாகப் பூக்கிறது. தமிழ்வாணி புன்னகைக்கிறார். சுபம். (இதைத்தான் எழுத நினைத்தேன். நடக்கவில்லை.)

இ) நடந்தது இது.

தம்பி பக்கத்தில் பிஞ்சுகள் கோலிக்குண்டு பருமனுக்கு வந்துவிட்டன. இந்த வருஷம் அந்தப் பக்கம்தான் பாரம். தமிழ்வாணி வந்து, “ஆரம்பிச்சிருங்கண்ணே” என்று அழகுபாண்டியிடம் சொல்லிவிட்டுப் போனார். மறுபடி வந்து பார்த்தபோது ஒரு காய்கூடக் குறையவில்லை.

“கை வரல மேடம்” என்றார் அழகுபாண்டி. “போன வருசம் அண்ணன் மேல இருந்த கோவத்துல கிள்ளிட்டேன். இப்பக் கோவம் இல்லாம எப்படிக் கிள்றது?”

“அப்ப நீங்க கிள்ளுங்கண்ணே” என்றார் தமிழ்வாணி, மலையாண்டியிடம்.

“எந்தம்பி காயையா?”

தமிழ்வாணி தானே இரண்டு காயைக் கிள்ளினார். இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். கையை எடுத்துவிட்டார். “நீங்க ரெண்டு பேரும் பேசாமலே இருந்திருக்கலாம். மரத்துக்காவது நல்லது” என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

அன்றைக்குச் சாயங்காலம் மலையாண்டி எனக்கு போன் செய்தார்.

“நீங்கதானே எழுதி எழுதி அடிக்கிற ஆளு. வந்து கிள்ளிட்டுப் போங்க.”

போனேன். முத்துமீனா கூடை கொடுத்தார். கொத்துக்கு ஒன்றை விட்டுவிட்டு மற்றதைக் கிள்ள வேண்டும், அவ்வளவுதான் வேலை. நான் மூன்று காய் கிள்ளிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். இந்தக் கதையில் எத்தனை அடைப்புக்குறிகள் மிஞ்சியிருக்கின்றன என்று பார்த்தாலே நான் எப்படிப்பட்ட ஆள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஆகவே நீங்கள் போக வேண்டும். மதுரையிலிருந்து அலங்காநல்லூருக்கு நிறைய பஸ் இருக்கிறது. மேற்கே போகிற ரோட்டில் யாரைக் கேட்டாலும் மரத்தைக் காட்டுவார்கள். உங்களுக்கு அவர்களைத் தெரியாது, அதுதான் தகுதி. காய்கள் நாளுக்கு நாள் பருத்துக்கொண்டிருக்கின்றன, வேர் தன் கையிருப்பை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறது, தாமதிக்க வேண்டாம். டீ தருவார்கள். குடித்துவிட்டே ஆரம்பியுங்கள்.

ஒன்று மட்டும். முதல் காயைக் கிள்ளும்போது அண்ணன் தம்பி இருவருடைய முகத்தையும் பார்த்துவிடாதீர்கள். நான் பார்த்துவிட்டேன்.